பாயிண்டில் நிற்காத ரயில்

மாடல் ரயிலைக் கம்ப்யூட்டர் மூலம் ஓட்ட முடியும் என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் கேட்பது, "அதற்கு எந்த சாப்ட்வேர் போட வேண்டும்?" என்பதுதான். சாப்ட்வேர் எழுதுவதே என் வேலை. ஆனாலும் இந்த விஷயத்தில் சாப்ட்வேரைக் கடைசியில் வைத்துக் கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு மல்ட்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் எடுங்கள். ரயில் பாயிண்டைத் தாண்டும்போது நிற்காமல் ஓட வேண்டும். அது சரியில்லை என்றால், எவ்வளவு நல்ல புரோகிராமும் அந்த ரயிலை நகர்த்தாது.

இந்தக் கட்டுரையில் பாயிண்டுக்கு வயரிங் செய்வது எப்படி, அதைக் கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி, இணைக்கும்போது கம்ப்யூட்டர் கெடாமல் காப்பது எப்படி என்று பார்ப்போம்.

எந்த அளவு வாங்கலாம்?

கடைகளில் அதிகம் கிடைப்பது எச்ஓ என்னும் அளவு. உண்மை ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. இதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அடுத்தது என் என்னும் சிறிய அளவு. இதன் இடைவெளி 9 மி.மீ.

எங்கள் ஊர் பாலக்கோடு. சேலம் - தருமபுரி - ஓசூர் - பெங்களூரு பாதையில் உள்ளது. இப்போது இது அகலப்பாதை, அதாவது 1676 மி.மீ. இதை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். எச்ஓ தண்டவாளம் அதைவிடக் கொஞ்சம் குறுகல்தான் என்றாலும், பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. எங்கள் மாவட்டத்தில் இன்னொரு பாதையும் இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் வந்த குறுகிய பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. 1941-ல் மூடப்பட்டது. அதன் அகலம் 762 மி.மீ. அதை 87 ஆல் வகுத்தால் சுமார் 8.8 மி.மீ. வருகிறது. எனவே என் அளவுத் தண்டவாளத்தின் மேல் எச்ஓ அளவில் பெட்டிகள் செய்து வைத்தால் அந்தப் பழைய ரயில் அப்படியே கிடைத்துவிடும். ஊர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். எந்த அளவை எடுத்தாலும் கீழே சொல்லும் வயரிங் ஒன்றேதான்.

பாயிண்டின் பாகங்கள்

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் பிரியும் இடமே பாயிண்ட். அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாகங்கள் மூன்று.

1. வெளித் தண்டவாளங்கள்: இடமும் வலமுமாக இரண்டு. இவை நகர்வதில்லை.

2. நாக்குகள்: உள்பக்கம் உள்ள, நுனி கூர்மையான இரண்டு தண்டவாளங்கள். இவை நகரும். ஒரு நாக்கு தன் பக்கத்து வெளித் தண்டவாளத்தைத் தொடும்போது மற்றது விலகி நிற்கும்.

3. பிராக்: இரண்டு தடங்களின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஆங்கில எழுத்து வி வடிவ இடம். ரயில்வேக்காரர்கள் இதைக் கிராசிங் என்பார்கள். மாடல் ரயில் டப்பாக்களில் பிராக் என்றே அச்சிட்டிருப்பதால் நாமும் அப்படியே அழைப்போம்.

மாடல் ரயில் எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகவே வருகிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சிக்கல் பிராக்கில்தான் தொடங்குகிறது. ரயில் நேராகப் போகும்போது பிராக் ஒரு பக்கத் தண்டவாளத்தின் தொடர்ச்சி. பிரிந்து போகும்போது அதே பிராக் மறுபக்கத் தண்டவாளத்தின் தொடர்ச்சி. அதாவது அது ஒரு சமயம் பிளஸ் ஆகவும் இன்னொரு சமயம் மைனஸ் ஆகவும் இருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும்.

தயாரிப்பாளர்கள் இதை இரண்டு வகையில் சமாளிக்கிறார்கள். முதல் வகையில் பிராக்கைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடுகிறார்கள். ஷார்ட் ஆகாது, ஆனால் அங்கே மின்சாரமும் இல்லை. பிரிட்டனின் பெகோ நிறுவனம் இதை இன்சுல்பிராக் என்று விற்றது. இரண்டாவது வகையில் பிராக் உலோகத்தால் ஆனது. அதற்கு நாம்தான் மின்சாரத்தை மாற்றி மாற்றித் தர வேண்டும். பெகோவின் எலக்ட்ரோபிராக் இந்த வகை. பின்னர் வந்த யூனிபிராக்கில், பிராக் தனியாகப் பிரிக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வாங்குவோருக்கு இதுவே வசதி. எதையும் வெட்ட வேண்டியதில்லை.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

என் அக்கா மகன் பள்ளி மாணவன். அவன் ஆறடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் பாலக்கோடு ஸ்டேஷன் மாதிரி ஒரு மெயின் லைனும் ஒரு லூப் லைனும் போட்டான். பெரிய டீசல் எஞ்சின் பாயிண்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு அச்சு மட்டுமே உள்ள சிறிய எஞ்சின் ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றது. "மாமா, எஞ்சின் கெட்டுப்போச்சு, கடையில மாத்திக் குடுங்க" என்றான்.

எஞ்சின் கெடவில்லை. பெரிய எஞ்சினுக்கு மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் அதிகம். சில சக்கரங்கள் பிளாஸ்டிக் பிராக்கின் மேல் இருந்தாலும் மற்றவை நல்ல தண்டவாளத்தில் இருக்கும். சிறிய எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கத்தில் இருப்பது இரண்டே சக்கரங்கள். ஒன்று பிராக்கின் மேல் இருக்கும்போது மற்றது நாக்கின் மேல் இருந்தது. அந்த நாக்குக்கு மின்சாரம் எப்படி வருகிறது? வெளித் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் மட்டுமே. நடுவில் ஒரு தூசி இருந்தால் போதும், தொடர்பு போய்விடும். கோடைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் தூசிக்குக் குறைவே இல்லை.

எனவே கோளாறு இரண்டு. பிராக்கில் மின்சாரம் இல்லை. நாக்கில் இருக்கும் மின்சாரத்தை நம்ப முடியாது. இந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் பாயிண்ட் பிரச்னை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரே விதியாகச் சொன்னால்: தொட்டுக்கொண்டிருப்பதை நம்பாதீர்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனி வயர் கொடுங்கள்.

டிசிசி என்றால் இது இன்னும் முக்கியம்

சாதாரண செட்டில் கண்ட்ரோலரைத் திருகினால் தண்டவாளத்தில் வோல்டேஜ் கூடும், குறையும். அதிகபட்சம் 12 வோல்ட். டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். அதிலேயே கட்டளைகளும் 0, 1 என்ற பிட்களாகப் போகும். மின்சாரம் பிளஸ், மைனஸ் என்று மாறி மாறித் துடிக்கிறது. ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோ செகண்ட் நீடித்தால் அது 1. சுமார் 100 மைக்ரோ செகண்ட் நீடித்தால் அது 0. நெட்வொர்க் கேபிளில் தகவல் போவது போலத்தான்.

எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பாயிண்டில் ஒரு நொடியின் சிறு பகுதி மின்சாரம் போனாலும் அது ரீஸ்டார்ட் ஆகலாம். யுபிஎஸ் இல்லாத உங்கள் கம்ப்யூட்டர் கரண்ட் போய் வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும். யுபிஎஸ் போல ஒரு கெப்பாசிட்டரை டீகோடருடன் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அது வயரிங்குக்கு மாற்று அல்ல.

தேவையான பொருட்கள்

1. 1.5 சதுர மி.மீ. செம்பு வயர், சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. வீட்டு வயரிங்குக்குப் பயன்படுத்துவதே போதும்.

2. மிச்சமான லேன் கேபிள். உள்ளே உள்ள எட்டு வயர்களும் தண்டவாளத்தில் சால்டர் வைக்கப் பொருத்தமான மெல்லிய வயர்கள். விலை குறைந்த சில கேபிள்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். அதில் சால்டர் சரியாகப் பிடிக்காது. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

3. ஒரு பாயிண்டுக்கு இரண்டு மைக்ரோ சுவிட்ச். பழைய மவுஸ் பட்டனுக்கு அடியில் உள்ளதும் இந்த இனம்தான். ஆனால் நமக்கு மூன்று கால்களும் ஒரு நெம்புகோலும் உள்ளது வேண்டும்.

4. பிளாஸ்டிக் ஜாயினர்கள், 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் பிளக்ஸ், மல்ட்டிமீட்டர்.

5. பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்று. இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு. தண்டவாளமும் பாயிண்டும் தவிர மற்ற எல்லாம் அங்கே கிடைக்கும்.

வயரிங்: படிப்படியாக

1. பலகையின் அடியில் சிவப்பு, கருப்பு வயர்களை முழு நீளத்துக்கும் இழுத்துவிடுங்கள். கண்ட்ரோலரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் இதில் வர வேண்டும். தண்டவாளம் நிக்கல் சில்வரால் ஆனது. அது செம்பைவிடப் பல மடங்கு மின்தடை உள்ளது. அதனால் மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டு செல்லும் வேலையைத் தண்டவாளத்திடம் விடக் கூடாது.

2. ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் லேன் வயர் ஒன்றைக் கீழே இறக்கி, பெரிய வயரில் சேருங்கள். சால்டர் வைப்பது தண்டவாளத்தின் வெளிப்பக்கம். உள்பக்கம் வைத்தால் சக்கரம் இடிக்கும். ஜாயினர்களை மின்சாரத்துக்கு நம்ப வேண்டாம். அவை நாளடைவில் தளரும், கறுக்கும்.

3. பிராக்கைத் தாண்டி வெளியே போகும் உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். இதை விட்டால், அந்தப் பக்கமிருந்து வரும் மின்சாரம் பிராக்கில் மோதி ஷார்ட் ஆகும். யூனிபிராக்கில் பிராக் ஏற்கெனவே தனியாக இருப்பதால் இந்தப் படி தேவையில்லை.

4. ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்து வெளித் தண்டவாளத்துடன் வயரால் நிரந்தரமாக இணையுங்கள். இடது நாக்கு இடதுடன், வலது நாக்கு வலதுடன். எலக்ட்ரோபிராக் வகையில் நாக்குகளுக்கும் பிராக்குக்கும் இடையே அடிப்பக்கம் உள்ள இணைப்புக் கம்பிகளை முதலில் வெட்டிவிட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விலகி நிற்கும் நாக்கின் மேல் சக்கரத்தின் பின்பக்கம் உரசினாலும் இரண்டிலும் ஒரே மின்சாரம் என்பதால் ஷார்ட் ஆகாது.

5. பிராக்கிலிருந்து வரும் வயரை மைக்ரோ சுவிட்சின் பொதுக் காலில் இணையுங்கள். மற்ற இரண்டு கால்களையும் இரு வெளித் தண்டவாளங்களுடன் இணையுங்கள். பாயிண்ட் நகரும்போது சுவிட்சும் மாறும்படி பொருத்துங்கள்.

எந்தக் கால் எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருக்கிறதா? எளிய விதி ஒன்று உண்டு. எந்த வெளித் தண்டவாளத்தை நாக்கு தொட்டு நிற்கிறதோ, அதே மின்சாரம்தான் பிராக்கிலும் இருக்க வேண்டும். இடது பாயிண்ட், வலது பாயிண்ட் இரண்டுக்கும் இது பொருந்தும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்ட்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிராக்கிலும் மற்றதை அந்த வெளித் தண்டவாளத்திலும் வையுங்கள். "பீப்" என்றால் சரி. பாயிண்டை மாற்றி மறுபக்கமும் பாருங்கள். தவறாக இருந்தால் சுவிட்சின் இரு வயர்களையும் இடம் மாற்றினால் போதும்.

சாதாரண 12 வோல்ட் முறையில் ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவும். இப்படி வயரிங் செய்த பிறகு மெயின், லூப் இரண்டிலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். இரண்டிலும் எஞ்சின் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். லூப் லைனுக்குப் போகும் வயரில் ஒரு ஆன்-ஆப் சுவிட்ச் போடுங்கள். அந்தத் தடத்தின் ஒரு தண்டவாளத்தில் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் ஜாயினரும் வேண்டும். டிசிசியில் இது தேவையில்லை.

பல்பும் ஐந்து ரூபாய் நாணயமும்

இப்போது அந்த பைக் பல்பு. கண்ட்ரோலரிலிருந்து பலகைக்குப் போகும் சிவப்பு வயரின் நடுவில் அதைத் தொடராக இணையுங்கள். ரயில் ஒழுங்காக ஓடும்போது பல்பு எரியாது, அல்லது மங்கலாகத் தெரியும். ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரியும். 10 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 0.83 ஆம்பியர். அதற்கு மேல் மின்சாரம் போக அந்த பல்பு விடாது. பியூஸும் அதுவே, அறிவிப்பு விளக்கும் அதுவே. இது சாதாரண 12 வோல்ட் முறைக்கு. டிசிசி கருவிகளில் ஷார்ட்டைக் கண்டு தானே நிறுத்தும் வசதி இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி ஒரு நொடி வையுங்கள். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிய வேண்டும். இப்படிப் பலகை முழுவதும், ஒவ்வொரு துண்டிலும் பாருங்கள். ஓரிடத்தில் பல்பு மங்கினால் அங்கே வயர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். டிசிசியில் அதே நாணயத்தை வைத்தால் கருவி உடனே நிறுத்த வேண்டும். எங்காவது நிறுத்தவில்லை என்றால் அந்த இடம் ஆபத்தானது. ரயில் தடம் புரண்டு அங்கே ஷார்ட் ஆனால் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

எச்சரிக்கை: கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் தொடாதீர்கள்

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-ல் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வருகிறதே, அதையே ரயிலுக்குக் கொடுத்தால் என்ன என்று பலருக்குத் தோன்றும். வேண்டாம். அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதற்கு மேலும் தர முடியும் என்று இருக்கும். பாயிண்டில் அரைகுறை ஷார்ட் ஒன்று ஏற்பட்டு 10 ஆம்பியர் ஓடினால் 120 வாட் வெப்பம். ஐந்து சால்டரிங் அயர்ன்களை ஒரே இடத்தில் வைத்தது போல. பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் உருகும், லேன் வயர் சூடேறிப் புகையும்.

அதேபோல் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மோட்டார் எதற்கும் மின்சாரம் எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. தண்டவாளத்தின் எந்த வயரும் கம்ப்யூட்டரின் எந்த வயரையும் தொடக் கூடாது. புதுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டை ஒரு பொம்மை ரயிலுக்காக இழக்க வேண்டாம்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது

வயரிங் நம்பிக்கைக்கு உரியதாக ஆன பிறகு கம்ப்யூட்டருக்கு வருவோம். பாயிண்டை நகர்த்த ஒரு சிறிய சர்வோ மோட்டார் போதும். எஸ்ஜி90 என்ற பெயரில் கிடைப்பது சுமார் 9 கிராம் எடை உள்ளது. அதை ஆர்டுயினோ ஊனோ போர்டுடன் இணைத்து, போர்டை யுஎஸ்பி மூலம் கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால் அது யுஎஸ்பி தரக்கூடிய அளவைத் தாண்டி மின்சாரம் இழுக்கும். அடாப்டரின் மைனஸும் போர்டின் கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சர்வோவின் கை பிளாஸ்டிக். அது பாயிண்டையும் மைக்ரோ சுவிட்சுகளையும் தள்ளுகிறது. முதல் சுவிட்ச் பிராக்குக்கு, இரண்டாவது ஆர்டுயினோவுக்கு. இப்படிச் செய்தால் தண்டவாள மின்சாரமும் கம்ப்யூட்டர் மின்சாரமும் எங்கும் சந்திப்பதில்லை.

இரண்டாவது சுவிட்ச் எதற்கு? சர்வோவுக்கு "லூப்புக்குத் திரும்பு" என்று கட்டளை போய்விட்டது. ஆனால் நடுவில் ஒரு சிறு கல் மாட்டிக்கொண்டது. பாயிண்ட் பாதியில் நிற்கிறது. கட்டளை கொடுத்ததை மட்டும் நினைவில் வைத்திருக்கும் புரோகிராம், திரையில் "லூப்" என்று பச்சையாகக் காட்டும். இரண்டாவது சுவிட்ச் இருந்தால் பாயிண்ட் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெரியும். இந்த சுவிட்சை, பாயிண்ட் கடைசிவரை நகர்ந்தால் மட்டுமே அழுந்தும்படி பொருத்துங்கள். சுவிட்சிலிருந்து பதில் வந்த பிறகே திரையில் நிறம் மாற வேண்டும். இதுதான் எழுத வேண்டிய புரோகிராமின் சாரம்.

புரோகிராம் எழுத விருப்பம் இல்லாதவர்கள் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அதிலும் பாயிண்டுக்குக் கொடுத்த கட்டளை, பாயிண்டிடமிருந்து வந்த பதில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வசதி உண்டு. கம்ப்யூட்டர் ஓட்டும் மாடல் ரயிலை நேரில் பார்க்க விரும்பினால் புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

பெரிய ரயிலிலும் இதே பாடம்

இது பொம்மைக்கு மட்டுமான விதி அல்ல. இந்திய ரயில்வேயில் பாயிண்டை நகர்த்தும் மெஷினுக்குள் அது சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் தனி மின் தொடர்புகள் உண்டு. நாக்குக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. கனமுள்ள துண்டை வைத்துச் சோதிப்பார்கள். அந்த நிலையில் பாயிண்ட் பூட்டக் கூடாது, "சரி" என்ற பதிலும் போகக் கூடாது.

பதிலும் உண்மை நிலையும் வேறுபட்டால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போக பச்சை சிக்னல் விழுந்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் எக்ஸ்பிரஸ் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சர்க்யூட்டில் மாற்றம் செய்தபோது நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று அந்த ஆண்டு ஜூலையில் ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வயரை மாற்றிய பின் ஒவ்வொரு நிலையையும் திரும்பச் சோதிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சில சந்தேகங்கள்

பிளாஸ்டிக் பிராக் பாயிண்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். தூக்கிப் போட வேண்டுமா?
வேண்டாம். நாக்குகளுக்கு மட்டும் தனி வயர் கொடுங்கள். நீளமான எஞ்சின்கள் நன்றாக ஓடும். எங்கள் வீட்டுச் சிறிய எஞ்சினும் அதற்குப் பிறகு பெரும்பாலும் தாண்டியது, மெதுவாக ஓட்டினால் மட்டும் நின்றது. உலோகப் பிராக் போட்ட பின்புதான் முழுமையாகச் சரியானது.

தண்டவாளத்தை எதால் துடைப்பது?
ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல்களில் அழுக்கு இன்னும் அதிகமாகச் சேரும்.

ரயில் சுற்றி வந்து, வந்த பாதையிலேயே திரும்பிச் சேரும்படி தடம் போடலாமா?
போடலாம். ஆனால் அங்கே இடதும் வலதும் தலைகீழாகச் சந்திக்கும் என்பதால் தனி வயரிங் வேண்டும். முதல் பலகையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு பாயிண்டை மட்டும் தனிப் பலகைத் துண்டில் வைத்து வயரிங் செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே சிறிய எஞ்சினை, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், இரண்டு தடத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். எங்கும் தயங்காமல் போனால் அடுத்த பாயிண்டுக்குப் போகலாம். யுஎஸ்பி கேபிளை அதற்குப் பிறகு செருகினால் போதும்.